பழைய ‘லை’

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்த டப்பா கீழே விழுந்தது. குட்டிகூரா பவுடர் வந்த பழைய தகர டப்பா. மூடி தெறித்து, உள்ளேயிருந்த சின்னச் சின்ன ஈயத் துண்டுகள் சிவப்புச் சிமென்ட் தரையில் சிதறின. வெண்கலம் விழுந்தால் கணீரென்று கேட்கும். ஈயத்துக்கு அந்த ஒலி கிடையாது. தொப்பென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கும். அடுப்படியில் இருந்த பாட்டிக்கு அந்தச் சத்தத்தை வைத்தே என்னவென்று தெரிந்துவிட்டது.

“எழுத்தா? மிதிச்சிராதீங்க” என்று ஈரக்கையோடு ஓடிவந்தார்.

பேத்தி ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். தகரத்தின் துருவாடைக்கு அடியில் லேசாக மண்ணெண்ணெய் வாசம். சின்ன வயதில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்ட கைகளில் இருந்த வாசம் அது. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தாத்தா நேராகக் கொல்லைப்புறம் போவார். விரல்களில் ஏறியிருக்கும் அச்சு மையை முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார். பிறகு 501 பார் சோப்பைப் போட்டு முழங்கை வரை தேய்ப்பார். நகக்கண்ணுக்குத் தென்னை ஈர்க்கு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் “வா ஆத்தா” என்று கை நீட்டுவார். அப்படியும் அந்த வாசம் போனதில்லை. பேத்திக்கு அது நாற்றமாக ஒருநாளும் பட்டதில்லை.

தாத்தா கம்போசிட்டர். அச்சுக்கோப்பவர் என்று நல்ல தமிழில் சொல்லலாம். ஆனால் அவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் கம்போசிட்டர் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். மதுரையில் மாசி வீதிகளுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், ஒரே ஒரு டிரெடில் எந்திரத்தை வைத்துக்கொண்டு ஓடிய சின்ன அச்சகம். பதினான்கு வயதில் அதற்குள் போனவர், நாற்பத்தைந்து வருஷம் அங்கேயே நின்றார். நின்றார் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. கம்போசிட்டர் நின்றுகொண்டு செய்கிற வேலை அது. வீடு செல்லூரில். காலையில் கல்பாலம் வழியாக நடந்தே ஊருக்குள் போவார். வைகையில் தண்ணீர் வந்து கல்பாலத்தை மூடும் நாட்களில் மட்டும் சுற்றிக்கொண்டு ஏ.வி. பாலம்.

சேர்ந்த புதிதில் ஆறு மாதம் அவரை, எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கைத் தொடவே விடவில்லையாம். அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கழுவி, கட்டைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் பையன்களின் வேலை. சலிப்பான வேலை, ஆனால் கை படிவது அதில்தான். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, அதிலே பெரியது சிறியது என்று இரண்டு தட்டில் அடங்கிவிடும். தமிழில் கு, கூ, சு, சூ என்று உகர ஊகாரம் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். புள்ளி வைத்த மெய்கள் வேறு. கொம்பும் காலும் தனித்தனி. நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து எடுக்கிற அளவுக்கு அறைகள். ‘ம்’ எங்கே, ‘ஞு’ எங்கே என்று கண் தேடினால் வேலை ஓடாது. கைக்குத் தெரிய வேண்டும். தாத்தாவுக்கு இருட்டிலும் தெரியும். மின்சாரம் போன ராத்திரிகளில் சிம்னி விளக்கைக் கையெழுத்துப் பிரதியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எழுத்து அறைகள் உள்ள கேஸைப் பார்க்காமலே கோத்துக்கொண்டிருப்பார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கும். கம்போசிட்டர் அதைத் தலைகீழாக ஸ்டிக்கில் நிறுத்தி, இடமிருந்து வலமாகக் கோத்துப் போவார். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சிறு பள்ளம் உண்டு. பெருவிரல் அந்தப் பள்ளத்தைத் தடவினால் எழுத்து சரியாக நிற்கிறதா, புரண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இப்படி நாள் முழுக்கத் தலைகீழாகவே படித்துப் படித்து, தாத்தாவுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எழுத்து எழுத்துதான் என்று ஆகிவிட்டது. டீக்கடையில் எதிர்ப் பெஞ்சில் ஒருவர் தினத்தந்தியை மடியில் விரித்து வைத்திருப்பார். இவர் எதிரே உட்கார்ந்து கிளாஸை ஆற்றிக்கொண்டே தலைகீழாக முழுச் செய்தியையும் படித்து முடித்துவிட்டு, “அண்ணே, அடுத்த பக்கத்தைத் திருப்புங்க” என்பார். அந்த ஆள் திகைத்துப்போய்ப் பேப்பரையும் இவரையும் மாறி மாறிப் பார்ப்பாராம். தினத்தந்தி 1942-ல் மதுரையில்தான் தொடங்கியது என்பதில் அவருக்குத் தன் வீட்டுப் பிள்ளை பெரியாளானதுபோல் ஒரு பெருமை. அங்கே அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெருமை குறையவுமில்லை.

அவருடைய அச்சகத்தில் புத்தகங்கள் அதிகம் அச்சாகவில்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, சித்திரைத் திருவிழா மண்டகப்படி நோட்டீஸ், பில் புத்தகம், கருமாதிக் கடிதம், ரோஸ் கலரிலும் பச்சைக் கலரிலும் மெல்லிய தாளில் சினிமா நோட்டீஸ். மைக் கட்டிய வண்டியிலிருந்து அந்த நோட்டீஸைக் காற்றில் வீசிக்கொண்டு போவார்கள். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். தாத்தாவின் பிள்ளைகள் மட்டும் ஓட வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரியே அச்சில் சரியாக விழாத தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

அந்தக் கழிவுத் தாள்களை வைத்துத்தான் குடும்பமே நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டது அதில்தான். மகனின் கணக்கு நோட்டின் மேல் யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா. மகளின் சரித்திர நோட்டின் மேல் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. பின்பக்க வெள்ளையில் வீட்டுப்பாடம். பாட்டி ஐந்தாவது வரைதான் படித்தவர். சாப்பாட்டுக் கடை ஓய்ந்ததும் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் படிப்பார். மதுரையில் எந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். “மேலமாசி வீதியில அந்த அரிசிக்கடைக்காரர் வீட்டுப் பொண்ணுக்குத் தை பதினாறுல கல்யாணமாம்ல” என்பார். தாத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே, “புரூஃப்லதான் பதினாறு, அப்புறம் பத்தொம்பதுன்னு திருத்திட்டாங்க” என்பார்.

தையும் வைகாசியும் ஆவணியும் முகூர்த்த மாதங்கள். அந்த நாட்களில் அவர் வீடு திரும்ப நடுச்சாமமாகும். பெரிய அச்சகங்களில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. சின்ன அச்சகத்தில் ஒரு பக்கம் கோக்கும்போதே ‘ம்’ தீர்ந்துவிடும். அப்போது வேறேதாவது ஓர் எழுத்தைக் கவிழ்த்து அந்த இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு மேலே போவார். பிறகு பக்கத்துச் சந்து அச்சகத்துக்கு ஒரு பையன் டப்பாவோடு ஓடுவான். சர்க்கரை கடன் கேட்கிற மாதிரி அவர்கள் ‘ம்’ கடன் கேட்டார்கள். முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள். தொழிலில் போட்டியாளர்கள்தான், ஆனால் எழுத்து இல்லை என்று ஒருவரும் கைவிரித்ததில்லையாம். இன்றைக்கு நினைத்துப் பார்க்க அதிசயமாக இருக்கிறது.

ஈயம் உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அச்செழுத்து வெறும் ஈயமல்ல. கெட்டிப்படுவதற்காக ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது. ஆனாலும் பெரும்பங்கு ஈயம்தான். தினமும் வாழைப்பழம் சாப்பிட்டால் ஈயம் தங்காது என்று அச்சகத்தில் ஒரு நம்பிக்கை. அதற்கு வைத்திய ஆதாரம் எதுவும் இல்லை. சாப்பிடும் முன் கையைத் தேய்த்துக் கழுவியதுதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கும். முதலாளி தினமும் ஆளுக்கொரு நாட்டுப்பழம் வாங்கிக் கொடுப்பார். தாத்தா தன் பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளைகள் மூன்று, பழம் ஒன்று. பாட்டி அதைக் கத்தியால் மூன்றாக நறுக்குவார். “நீங்க திங்கணும்னுதான குடுக்காங்க” என்று பாட்டி திட்டியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மூத்த மகனுக்கு இப்போது அறுபது வயதை நெருங்குகிறது. நறுக்கிய வாழைப்பழத் துண்டை எங்கே பார்த்தாலும் அவர் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்.

அந்தப் பவுடர் டப்பாவுக்கு வருவோம். அதில் இருந்தவை மொத்தம் பதினோரு எழுத்துகள். பத்து சின்னவை. ஒன்று மட்டும் பெரியது, பத்திரிகைகளில் மணமக்கள் பெயருக்குப் போடுகிற அளவு. அது ஒரு ‘லை’. இன்றைக்கு எழுதும் லை அல்ல. லகரத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை சுருண்டு எழுந்து நிற்கிற பழைய லை.

பாட்டியின் பெயரில் ஒரு லை உண்டு.

அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையைத் தாத்தாவே கோத்தார். முதலாளி தாளை இனாமாகக் கொடுத்தார். மாப்பிள்ளை பெயர் பெரிய எழுத்தில், பெண் பெயர் அதற்குக் கொஞ்சம் சின்ன எழுத்தில் என்பதுதான் அந்த வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்ட கணக்கு. அச்சாகி வந்தபோது பெண்ணின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் பெயர்தான் சின்னதில். தாத்தாவின் பெரியப்பா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார். “என் பேருக்கு வேண்டிய எழுத்து பெரிய சைஸ்ல பத்தல பெரியப்பா” என்று இவர் பதில் சொன்னார். கேஸைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கும் அளவுக்குப் பெரியப்பாவுக்கு அந்தத் தொழில் தெரியாது. பற்றாக்குறை உண்மையா என்று பாட்டி பல வருஷம் கழித்துக் கேட்டாராம். தாத்தா வெற்றிலையை மென்றுகொண்டு சிரித்ததோடு சரி.

1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் போட்டது. எம்.ஜி.ஆர். முதலமைச்சர், பெரியாரின் நூற்றாண்டு. பெரியார் 1935-லேயே தம் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கியிருந்த வடிவங்களில் பதின்மூன்று எழுத்துகள் அதன்பின் பாடப் புத்தகத்துக்கு வந்தன. ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகாரங்கள். ணை, லை, ளை, னை. பிள்ளைகளுக்கு எளிது, தட்டச்சுக்கு எளிது, அச்சுக்கும் எளிது. ஒகர ஓகாரங்களுக்குக் கொம்பு எப்போதும் தனியாகத்தான் முன்னால் வரும் என்பதால், கம்போசிட்டரின் கணக்கில் ஏழு அறைகள் காலி. மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. கூடுதல் எழுத்து வாங்க எல்லா அச்சகத்திலும் காசு இல்லை. சில வருஷங்களுக்கு ஒரே நோட்டீஸில் தலைப்பில் பழைய லையும் கீழே புது லையும் கலந்து வந்தன. தாத்தா சீர்திருத்தத்தை மனதார ஆதரித்தவர். “ஏழு அறை மிச்சம், எவ்வளவு சௌகரியம்” என்பார். ஆனால் பழைய எழுத்துகளை உருக்குவதற்கு எடைபோட்டுக் கட்டியபோது, முதலாளியிடம் கேட்டுப் பத்திரிகைக்குப் போட்ட அந்த ஒற்றை லையை மட்டும் வாங்கிவந்தார். மற்றப் பத்தும் பிற்பாடு, அச்சகமே மூடிய நாளில் எடுத்துவந்தவை. மூன்று பிள்ளைகளின் பெயர்களுக்கும் வேண்டிய எழுத்துகள் அவை.

பாட்டி இன்றைக்கும் துதிக்கை லை போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். வங்கியில் இருந்த இளம் ஊழியர் ஒருவருக்கு அது என்ன எழுத்து என்றே தெரியவில்லை. “பாட்டி, இதைக் கொஞ்சம் சரியா எழுதுங்க” என்று பாஸ்புத்தகத்தைத் திருப்பித் தந்தார். “சரியாத்தான் எழுதியிருக்கேன் தம்பி. அது அப்படித்தான் இருக்கும்” என்றார் பாட்டி. பிறகு பெரிய அதிகாரி வந்து பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

பேத்திக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததும் தாத்தாதான். சிலேட்டில் அல்ல. ஈய எழுத்து ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூடச் சொல்வார். “கண்ணைத் தொறக்காத. விரலால தடவிப் பாரு. என்ன எழுத்து?” என்பார். ‘ட’ எளிது. ‘ழ’ வரவே வராது. கண்டுபிடித்துவிட்டால் பேத்தியைத் தோளில் ஏற்றிக் கல்பாலம் வரை கூட்டிப்போவார். இதன் விளைவாக, அவள் முதல் வகுப்பில் பாதி எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதினாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தாத்தா போய் அந்த நோட்டைப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லாமல் கடகடவென்று வாசித்துக் காட்டினார். “எல்லாம் சரியாத்தான் டீச்சர் இருக்கு. அச்சுல ஏத்துனா நேரா விழுந்துரும்” என்றாராம். அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக நேராக எழுதப் பழக்கினார். அதற்கு ஒரு மாதம் பிடித்தது.

மகன் கம்ப்யூட்டர் படித்து, டி.டி.பி. கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவுக்கு வருத்தம் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இருந்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். திரையில் எழுத்து நேராக ஓடுவதைச் சின்னப் பிள்ளைபோல் பார்ப்பார். “‘ம்’ தீரவே தீராதா?” என்று ஒருநாள் கேட்டார். தீராது என்றான் மகன். அதைக் கேட்டு அவர் வெகுநேரம் சும்மா இருந்தார். பிழை திருத்தத் தாளைக் கொடுத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வார். நேராக வைத்தால் வார்த்தையின் அர்த்தம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், தலைகீழாக வைத்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அவர் பார்த்துக் கொடுத்த தாளில் பிழை தங்கியதில்லை. மகன் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு இன்றுவரை அப்படியே செய்கிறார்.

அச்சகம் மூடியபோது கேஸ்களைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்தார். நாற்பத்தைந்து வருஷம் எடுத்து எடுத்து வைத்த எழுத்துகளைக் கோணிச் சாக்கில் கொட்டினார்கள். ‘அ’வும் ‘ஞ’வும் ஒன்றாகக் கிடந்தன. தாத்தா அதைப் பார்க்க நிற்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கல்பாலம் வழியாக நடந்து வந்து, அன்றைக்கும் வழக்கம்போல் கொல்லைப்புறம் போய்க் கையைக் கழுவினார்.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மதுரையில் ஒருவர் இறந்தால் விடிவதற்குள் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். தெருப் பையன்கள் ஆளுக்கு நூறு இருநூறு போட்டு, அவர் படத்தோடு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தார்கள். அவ்வளவு பிரியம் அந்தப் பையன்களுக்கு. திண்ணையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாட்டி, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்த ஒரு நேரத்தில் பேத்தியைக் கிட்டே கூப்பிட்டார். போஸ்டரில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதில் ழகரத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. “பேனா எடுத்துட்டுப் போயி ஒரு புள்ளி வச்சுட்டு வா தாயி. அவரு பாத்தா தாங்க மாட்டாரு.” பேத்தி மார்க்கர் பேனாவோடு தெருமுனை வரை போனாள். மொத்தம் பன்னிரண்டு போஸ்டர். பன்னிரண்டிலும் புள்ளி வைத்துவிட்டு வந்தாள். பிறகுதான் அவரை எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் யாருக்கும் அறிமுகமில்லாத ஓர் அம்மா துக்கம் கேட்க வந்தார். அவர் கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை அடித்து முடித்த பிறகுதான் தாய்மாமன் பெயர் விட்டுப்போனது தெரிந்ததாம். மதுரைப் பக்கம் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்ப அச்சடிக்கக் கையில் காசில்லை. அவருடைய அப்பா ராத்திரியோடு அச்சகத்துக்கு ஓடினார். தாத்தா அந்த ஒரு வரியை மட்டும் கோத்து, ஏற்கெனவே அச்சான பத்திரிகைகளில் இடைவெளி பார்த்து, ஐந்நூறையும் ஒவ்வொன்றாக மறுபடி டிரெடிலில் கொடுத்து விடியவிடிய அடித்துத் தந்தார். “எங்க மாமா சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது” என்றார் அந்த அம்மா. பாட்டிக்கும் அது அன்றுவரை தெரியாது. எந்த ராத்திரி அது என்று கேட்டுக் கணக்குப் போட்டார். மூத்தவனுக்குக் காய்ச்சலாக இருந்தபோது அவர் வீட்டுக்கு வரவே இல்லையே என்று பல வருஷமாக மனதில் வைத்திருந்த ராத்திரியாக அது இருக்கலாம் என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

பதினோரு எழுத்துகளையும் பொறுக்கித் துடைத்து முறத்தில் வைத்தாயிற்று. பேத்தி தன் செல்பேசியில் அந்த லையை அடித்துப் பார்த்தாள். லகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்து புது லைதான் வந்தது. துதிக்கை வரவில்லை. பிறகு எழுந்து போய், அப்பா மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடைக் கொண்டுவந்தாள். ஈய லையை அதில் ஒற்றி எடுத்து, ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அழுத்தினாள். துதிக்கை நீல மையில் விழுந்தது, கொஞ்சம் சாய்வாக.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். அந்த லைக்கு முன்னால் இரண்டு எழுத்தும் பின்னால் மூன்று எழுத்தும் மெதுவாக எழுதிச் சேர்த்தார்.

“சாஞ்சிருக்கு பாரு. இன்னொரு தடவை நேரா வச்சு அமுக்கு” என்றார்.